குளிர்நிலைக் காப்பாளர்

திருப்புல்லாணிக்குத் தெற்கே, ஊரைவிட்டுச் சற்றுத் தள்ளி, குருநாதனுக்கு ஒரு நெல் அவிக்கும் மில் இருந்தது. மில் என்பது போர்டில் இருந்த பேச்சு. ஒரு பாய்லர், இரண்டு ஊறல் தொட்டி, ஒரு சிமிண்டுக் களம், பின்சுவரை ஒட்டி வீடு, அவ்வளவுதான். சுற்றுப்பட்டுச் சம்சாரிகள் அறுத்த நெல்லைக் கொண்டுவந்து இறக்குவார்கள். குருநாதன் அதைத் தொட்டியில் ஊறப்போட்டு, பாய்லர் அடுப்புக்கு உமியைத் தள்ளி, ஆவியில் அவித்து, களத்தில் காயவைத்துக் கொடுப்பார். அந்தப் பாய்லர் யாருக்கும் ஒரு கெடுதலும் செய்ததில்லை. உலகம் அதைக் கவனிக்காதவரை நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

உலகம் கவனித்தது வீரலட்சுமியின் ஒன்றுவிட்ட தம்பி காளீஸ்வரன் வழியாக. வீரலட்சுமி குருநாதனின் மனைவி. காளீஸ்வரன் இராமநாதபுரத்துக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் பேராசிரியர். அதைவிடப் பெரிய பதவி ஒன்றும் அவருக்கு இருந்தது. அகில உலகத் திறந்தமூல வெப்பநீரோட்டக் கூட்டமைப்புக்கு அவர்தான் இந்திய ஒருங்கிணைப்பாளர்.

பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். குழாய்க்குள் ஓடும் தண்ணீர் எங்கே சூடாகும், எங்கே கொதிக்கும், எங்கே ஆவியாகும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுச் சொல்கிற மென்பொருள் ஒன்றைப் பதினோரு நாட்டுப் பேராசிரியர்களும் சில பெரிய கம்பெனிகளும் கூடி எழுதிவந்தார்கள். யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம். அதனால் அது திறந்தமூலம். அதில் ஒரே ஒரு குறைதான் இருந்தது. அது சொல்வதை நிஜமான கொதிகலன் எதனோடும் ஒப்பிட்டுப் பார்த்ததில்லை. கம்பெனிகளிடம் கொதிகலன் இருந்தது, காட்ட மாட்டார்கள். பல்கலைக்கழகங்கள் காட்டத் தயாராக இருந்தன, கொதிகலன் இல்லை. இந்த ஏற்பாட்டுக்கு ஒத்துழைப்பு என்று பெயர்.

நிதி கொடுக்கிறவர்கள் ஒருநாள் விழித்துக்கொண்டார்கள். நிஜமான தொழிற்சாலை ஒன்றைக் கூட்டாளியாகக் காட்டினால்தான் அடுத்த தவணை என்று சொல்லிவிட்டார்கள். காளீஸ்வரனுக்கு அக்கா வீட்டு ஞாபகம் வந்தது. சொந்தபந்தம் என்பது இதற்குத்தானே இருக்கிறது.

"மச்சான், நீங்க ஒண்ணும் செய்ய வேணாம்" என்றார் காளீஸ்வரன், அக்கா கொடுத்த காப்பியை ஆற்றிக்கொண்டே. "எங்க ஆளுக வந்து குழாயில நாலு கருவிய மாட்டிட்டுப் போயிருவாக. நீங்க எப்பவும்போல அடுப்பப் போடுங்க. கம்ப்யூட்டர் சொன்னதும் ஒங்க பாய்லர் செஞ்சதும் ஒண்ணா இருந்துச்சுன்னா ஒலகம் பூரா ஒங்க பேருதான்."

"ஒண்ணா இல்லேன்னா மாப்ள?"

காளீஸ்வரன் சிரித்தார். "அதுக்கு வழியே இல்ல மச்சான். இன்னைய தேதி வரைக்கும் எங்க சாஃப்ட்வேர் ஒரு தடவகூடத் தப்புன்னு யாரும் காட்டுனதில்ல."

தேர்வே எழுதாத பிள்ளை எந்தப் பாடத்திலும் தோற்றிருக்காது என்பது குருநாதனுக்கு உறைக்கவில்லை. உறைத்திருந்தாலும் மச்சினனிடம் கேட்கக்கூடிய ஆளில்லை அவர். வீரலட்சுமியோ அன்று முழுக்கத் தரையில் நடக்கவில்லை. "எந்தம்பி நம்ம வீட்டத் தேடி வந்துருக்கான் பாத்தீகளா" என்று கிணற்றடியில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாள்.

தை மாதம், அறுவடை இறங்கும் நேரத்தில் தொடக்க விழா நடந்தது. கூட்டமைப்பின் தலைவர் பேராசிரியர் லார்ஸ் பின்லாந்திலிருந்து வந்திருந்தார். ஆறடிக்கு மேல் உயரம், வெயிலில் வெந்த முகம், தங்கமான மனுஷன். பாய்லருக்கு மாலை போட்டு, அதன் வயிற்றைத் தட்டிக் கொடுத்தார். பம்பு செய்கிற பெரிய கம்பெனி ஒன்றின் மேலாளரும் வந்திருந்தார். எந்தக் கம்பெனி என்று கேட்டதற்கு, அதை வெளியில் சொல்லத் தனக்கு அனுமதி இல்லை என்றார்.

விழா முடிந்ததும் பாய்லர் அடுப்பின் வாயில் ஒரு பெரிய பூட்டைப் போட்டார்கள். அதன்மேல் அரக்கு முத்திரை வைத்தார்கள்.

"இது என்னத்துக்கு மாப்ள?"

"அது சும்மா ஒரு மொற மச்சான். பதினோரு நாட்டுக்காரவுகளும் பாய்லர் எப்பிடி ஓடும்னு மொதல்ல கணக்குப் போட்டு அனுப்பணும். அதுக்குப் பெறகுதான் அடுப்பு எரியணும். பரிச்சைக்கு முன்ன கேள்வித்தாள் வெளிய போகக்கூடாதுல்ல? திங்கக்கெழம காலையில எல்லாக் கணக்கும் வந்துரும், நானே வந்து பூட்டத் தொறந்துவிட்டுருவேன். மூணு நாளைக்குக் கருவிக ஓடும். நீங்க நெல்ல ஊறப்போட்டுத் தயாரா வச்சிருங்க."

குருநாதன் சொன்னபடி செய்தார். சொன்னபடி செய்வதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. ஊரில் பாதிப் பேருடைய நெல் அந்த இரண்டு தொட்டிகளுக்குள் இறங்கியது. பூமயிலின் நெல்லும் இறங்கியது. அவள் கூலி வேலைக்குப் போகிறவள். அந்த வருடம்தான் முதன்முதலாகக் கண்மாய்க்கரையில் ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, தானே நட்டு, தானே அறுத்திருந்தாள். மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தலையில் வைத்தே நடந்து கொண்டுவந்தாள்.

"வருசத்துச் சோறுண்ணே, பதனமாப் பாத்துக்கங்க" என்றாள்.

"நீ போத்தா, நாஞ் சும்மாவா இருக்கேன்" என்றார் குருநாதன்.

நெல்லை ஊறப்போடுவதில் ஒரு சங்கதி உண்டு. போட்டுவிட்டால் அதற்குப் பிறகு மனிதன் கையில் இல்லை. ஒன்றிரண்டு நாளில் அவித்துவிட வேண்டும். தாமதித்தால் தொட்டித் தண்ணீர் நுரைக்கும், பிறகு புளிக்கும், பிறகு நாறும். நாறிய நெல்லை என்ன செய்தாலும் அரிசி வாய்க்கு ஆகாது. இது அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். கூட்டமைப்பில் யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு துணைக்குழு அமைத்திருப்பார்கள், கேட்டிருந்தால்.

திங்கட்கிழமை காலையில் சாவி வரவில்லை. போன்தான் வந்தது.

"ஒரு சின்ன விசயம் மச்சான். அவகாசத்த நீட்டியிருக்கோம். ஒரு நாட்டு ஆளுக பனிச்சறுக்கு வெளையாடப் போயிட்டாக. இன்னொரு எடத்துல டைரக்டர் கையெழுத்துக்குக் காத்துருக்காக. இன்னொருத்தரு பாய்லர்ல மேல்பக்கம் எதுன்னு வெளக்கம் கேட்டுருக்காரு. கேள்வி ஞாயம்னு கமிட்டி ஒத்துக்கிருச்சு."

"மாப்ள, நெல்லு ஊறிப்போச்சு. நெல்லுக்கு லீவு கீவு தெரியாது."

"தெரியும் மச்சான். நாளைக்கு ராமேஸ்வரத்துல எங்க வருசாந்தர மாநாடு. எல்லாரும் அங்கனதான் இருப்பாக. நேர்ல வந்து ஒரு வார்த்த சொல்லுங்க, ஒடனே தந்துருவாக."

போனை வைத்துவிட்டு குருநாதன் கடப்பாரையை எடுத்தார். பூட்டு பெரிது, கடப்பாரை அதைவிடப் பெரிது. அவர் ஓங்கும்போது வீரலட்சுமி குறுக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த முத்திரய ஒடச்சா எந்தம்பி வேலைக்கு ஆபத்துன்னு சொல்லிட்டுப் போனான்ல? ஒரு நாளு பொறுத்துக்கங்க. அவெஞ் செய்வான்."

குருநாதன் கடப்பாரையைச் சுவரில் சாத்தினார். மனைவி வீட்டாரிடம் நல்ல பெயர் எடுக்க வேண்டும் என்ற ஆசை ஒரு மனிதனை எங்கெல்லாம் கொண்டுபோய் விடுகிறது பாருங்கள். பரமக்குடிப் பக்கம் வேறு மில்லுக்கு ஏற்றலாமா என்று விசாரித்துப் பார்த்தார். அறுவடைக் காலம். அங்கே வாசல்வரைக்கும் மூட்டை வரிசையில் நின்றது.

மறுநாள் இராமேஸ்வரம் பஸ் ஏறினார். பாம்பன் பாலத்தில் எல்லோரும் ஜன்னல் பக்கம் சாய்ந்து கடலைப் பார்த்தார்கள். குருநாதன் தன் உள்ளங்கையை மோந்து பார்த்துக்கொண்டார். காலையில் தொட்டிக்குள் விட்ட கை அது. இலேசாகப் புளிக்க ஆரம்பித்திருந்தது.

மாநாடு கடற்கரையை ஒட்டிய ஒரு சொகுசு விடுதியில் நடந்தது. வாசலில் ஒரு பெண் அவர் கழுத்தில் ஓர் அட்டையை மாட்டினாள். 'தொழில்துறை' என்று அதில் எழுதியிருந்தது. உள்ளே குளிர் எலும்பைத் துளைத்தது. சூட்டைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கு அவ்வளவு குளிர் வேண்டியிருக்கிறது. மண்டபத்தின் நடுவே கண்ணாடிப் பெட்டி ஒன்று இருந்தது. அதற்குள் வெல்வெட் துணிமேல், மின்விளக்கு வெளிச்சத்தில், அவருடைய அடுப்புப் பூட்டின் சாவி படுத்திருந்தது. மேலே 'திறந்த அறிவியலின் சின்னம்' என்று பலகை வைத்திருந்தார்கள்.

குருநாதன் கண்ணாடிமேல் கையை வைத்தார். காவலாளி வந்து கையை எடுக்கச் சொன்னான். எடுத்தார்.

முதலில் தலைவர் லார்ஸ் பேசினார். காளீஸ்வரன் பக்கத்தில் உட்கார்ந்து காதோடு காதாகத் தமிழில் சொன்னார். "நம் மென்பொருளின் கதவுகள் எல்லோருக்கும் திறந்திருக்கின்றன. இத்தனை வருடத்தில் வெளியாள் யாரும் உள்ளே வந்ததில்லை. ஆகவே யாரையும் நாம் தடுத்ததும் இல்லை என்பதைப் பெருமையோடு சொல்கிறேன். அதில் பிழை இருந்தால் யாரும் திருத்தலாம். பிழை இருக்கிறது என்பதைப் பிழை செய்தவர்களின் குழு முன்னால் நிரூபித்தால் போதும்." கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

அடுத்து பம்புக் கம்பெனி மேலாளர். "இந்தத் திட்டத்துக்கு எங்கள் முழு ஆதரவையும் தருகிறோம். தகவல் மட்டும் தர மாட்டோம். மென்பொருளை எங்கள் கம்பெனியிலும் பயன்படுத்துகிறோம். அதில் நாங்கள் கண்ட தவறுகளையெல்லாம் எங்களுக்குள்ளேயே திருத்திக்கொண்டோம். அவை மிக அருமையான திருத்தங்கள். உங்களுக்குக் காட்ட முடிந்தால் நீங்களே மகிழ்ந்துபோவீர்கள்." இதற்கும் கைதட்டினார்கள். பேராசிரியர்கள் சிலர் எழுந்து நின்றே தட்டினார்கள்.

பிறகு தொழில்துறையின் குரலைக் கேட்போம் என்று குருநாதனை மேடைக்குக் கூப்பிட்டார்கள். அவருக்கு மைக்கைப் பிடித்துப் பழக்கமில்லை.

"அய்யாமாரே, நெல்லு ஊறிக் கெடக்கு. ஊரு பூராத்தோட நெல்லு. இன்னைக்கு அவிக்கலேன்னா அழுகிப்போகும். சாவியக் குடுங்க. நான் அவிச்சிட்டுத் திரும்பப் பூட்டித் தந்துர்றேன். கும்புட்டுக் கேட்டுக்கிறேன்."

காளீஸ்வரன் மொழிபெயர்த்தார். மண்டபத்தில் உண்மையான பரபரப்பு ஏற்பட்டது. ஒரு பேராசிரியை எழுந்து, ஊறிய நெல் புளிக்கும்போது சூடு வெளியாகுமே என்று கவலைப்பட்டார். அந்தச் சூடு பக்கத்தில் உள்ள பாய்லரைத் தொட்டால் அளவீடுகள் கெட்டுவிடாதா? இதை இதுவரை யாரும் யோசிக்காதது அதிர்ச்சியளிக்கிறது என்றார். புளிப்புச் சூட்டுக்கு அங்கேயே ஒரு துணைக்குழு அமைந்தது. நெல்லைப் பாய்லரிடமிருந்து தள்ளி வைக்க முடியுமா என்று தலைவர் மிகுந்த மரியாதையோடு குருநாதனைக் கேட்டார்.

சாவி விஷயமும் மறக்கப்படவில்லை. வாக்கெடுப்புக்கு விட்டார்கள். பதினோரு நாடும் கொடுக்கலாம் என்று கை தூக்கின. பம்புக் கம்பெனி மேலாளர் மட்டும், சட்டப் பிரிவைக் கேட்காமல் கை தூக்கத் தனக்கு அனுமதி இல்லை என்றார். ஒருமனதாக இருந்தால்தான் செல்லும் என்று விதி இருந்தது. தீர்மானம் விழுந்தது. தொழில்துறையின் மனிதநேயக் குரலுக்கு நன்றி சொல்லி குருநாதனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பிறகு எல்லோரும் சாப்பிடப் போனார்கள். வெள்ளைச் சோறு, மீன் குழம்பு, நண்டு வறுவல் எல்லாம் இருந்தது. குருநாதனுக்கு இறங்கவில்லை.

திரும்பி வரும்போது ரோட்டிலிருந்தே வாடை தெரிந்தது. அதற்கு அடுத்த நாள் அவர் முத்திரையையும் பூட்டையும் சேர்த்து உடைத்தார். கடப்பாரையைப் பிடுங்க வீரலட்சுமி வரவில்லை. ஆனால் எதற்காக உடைத்தார் என்று அவருக்கே தெரியவில்லை. தொட்டித் தண்ணீர் கறுத்து, மேலே ஏடு கட்டியிருந்தது. உள்ளே கை விட்டால் நெல் சளியாக வழுக்கியது. அடுப்பில் உமியைத் தள்ளாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார். மாலையில் காளீஸ்வரன் காரில் சாவியைக் கொண்டுவந்தார். மேலாளரின் சட்டப் பிரிவு சம்மதித்துவிட்டதாம். உடைந்த பூட்டைப் பார்த்து அவர் முகம் வாடிப்போயிற்று.

"கொஞ்சம் பொறுத்துருக்கலாம்ல மச்சான்" என்றார்.

ஊர் வந்தது. சண்டை போடும் என்று குருநாதன் எதிர்பார்த்தார். போட்டிருந்தால் தேவலை. மூக்கைப் பொத்திக்கொண்டு அவரவர் நெல்லை வாத்துக்காரனுக்கு அள்ளிப் போட்டார்கள். அவனும் வாத்துகள் தின்றால் பார்க்கலாம் என்றுதான் வாங்கிக்கொண்டான். பூமயில் மட்டும் தன் பங்கை அள்ளவில்லை. தொட்டி ஓரத்தில் நின்று பார்த்தாள்.

"பதனமாப் பாத்துக்கிட்டீகண்ணே" என்றாள். "படிச்சவுக வந்து பூட்டுனாக, நீங்க காவலு காத்தீக. இனிமே இந்த வாசப்படிய மிதிச்சா என்னான்னு கேளுங்க."

அவள் மட்டுமல்ல, வேறு யாரும் மிதிக்கவில்லை. அவிக்கிற மில்லுக்கு நம்பிக்கைதான் மூலதனம். மிச்ச நெல்லெல்லாம் டிராக்டரில் ஏறிப் பரமக்குடிக்குப் போனது.

கதை இதோடு முடிந்திருந்தால் ஒரு மில் கெட்டது என்று விட்டுவிடலாம். ஆனால் அறிவியல் அப்படி விட்டுவிடுவதில்லை.

மாசி மாதத்தில் முடிவுகள் வெளியாயின. கணக்கு அனுப்ப அவகாசத்தை நீட்டியது ஒரு குழு. கருவிகளை ஓட்டுவது வேறொரு குழு. அந்தக் குழுவுக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அதனால் கருவிகள் முதலில் குறித்த மூன்று நாளும் சரியாக ஓடின. எரியாமல் கிடந்த பாய்லரை மூன்று நாளும் அளந்தன. சூடு இல்லை, ஆவி இல்லை, ஓட்டம் இல்லை என்று பதிவு செய்தன. பத்து நாட்டுக் கணக்குகளும் பாய்லர் கொதித்துத் தள்ளும் என்று சொல்லியிருந்தன. பத்தும் தவறு. பின்லாந்துக் கணக்கு மட்டும் கருவிகளோடு இம்மி பிசகாமல் ஒத்துப்போயிற்று. லார்ஸின் ஆராய்ச்சி மாணவர் ஒருவர் அவசரத்தில் அடுப்பில் நெருப்பு இருக்கிறது என்பதைக் கணக்கில் சேர்க்க மறந்திருந்தார்.

மென்பொருளும் நிஜமும் முதன்முறையாக ஒன்றுபட்டன என்று கூட்டமைப்பு உலகுக்கு அறிவித்தது. மாணவருக்குப் பட்டமும் பரிசும் கிடைத்தன. காளீஸ்வரன் துறைத்தலைவர் ஆனார். நிதி இரட்டிப்பாக வந்தது. இத்தனை பொருத்தமான கொதிகலன் உலகில் வேறெங்கும் இல்லை, அதை இந்த நிலையிலேயே பாதுகாக்க வேண்டும் என்று லார்ஸ் உருக்கமாகக் கேட்டுக்கொண்டார். மில்லைச் சுற்றி வேலி போட்டார்கள். குருநாதனுக்குக் குளிர்நிலைக் காப்பாளர் என்று பதவியும் மாதச் சம்பளமும் தந்தார்கள். பாய்லரை யாரும் பற்றவைக்காமல் பார்த்துக்கொள்வது வேலை. மில்லுக்கு நெல் வராத மனிதர், ஒப்புக்கொண்டார்.

பங்குனி பிறந்ததும் புதுச் சிக்கல் வந்தது. பாய்லரின் குளிர்ச்சி தினமும் காலையிலும் மாலையிலும் கொஞ்சம் குறைகிறது என்று கருவிகள் காட்டின. இரண்டு கமிட்டி ஆராய்ந்து காரணத்தைக் கண்டுபிடித்தன. சுவருக்கு அந்தப் பக்கம் வீரலட்சுமியின் சமையலறை. அவள் சோறு பொங்குகிற நேரமெல்லாம் கணக்கில் பிசகு விழுந்தது. காளீஸ்வரன் வந்து, அக்கா முகத்தைப் பார்க்காமல், அடுத்த உத்தரவு வரும்வரை அடுப்பை மூட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். மூட்டினால் சம்பளம் நிற்கும் என்பதையும் சொன்னார். குருநாதன் பஸ் ஏறி இராமநாதபுரம் போய் இட்லிப் பொட்டலம் வாங்கி வர ஆரம்பித்தார். வீட்டுக்கு வருவதற்குள் அது ஆறிப்போயிருக்கும்.

வெள்ளிக்கிழமைதோறும் போனில் வீடியோக் கூட்டம். பதினோரு நாட்டு முகங்களும் கட்டம் கட்டமாகத் தெரியும். குருநாதன் பாய்லர்மேல் உள்ளங்கையை வைத்து, குளிர்ச்சியாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும். கருவி சொல்வதை மனிதக் கையாலும் உறுதி செய்வது நல்ல மரபு என்பது லார்ஸின் அபிப்பிராயம்.

அந்த வெள்ளிக்கிழமையும் வைத்தார். "குளுந்துதான் இருக்கு" என்றார். பதினோரு நாடும் கைதட்டின.

பின்னால் சமையலறை வாசலில் வீரலட்சுமி நின்றுகொண்டிருந்தாள். தம்பி பெயரைச் சொல்லித் தரையில் நடக்காமல் திரிந்தவளுக்கு இப்போது கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"என்னவாம், கை தட்டுறாக?" என்றாள்.

"பாய்லர் குளுந்து கெடக்காம். சந்தோசமாம்."

"நம்ம அடுப்புந்தான் குளுந்து கெடக்கு. அதையும் காட்டுங்க, தட்டட்டும்."

காளீஸ்வரன் போனில் இருந்தார். ஒருங்கிணைப்பாளரின் கடமை எதையும் விடாமல் மொழிபெயர்ப்பது. மொழிபெயர்த்தார். கட்டங்களுக்குள் இருந்த முகங்கள் அசையாமல் நின்றன. குருநாதனுக்கு ஒரு கணம் அவர்களுக்கு உறைத்துவிட்டதோ என்று தோன்றியது. அந்த ஒரு கணம் அவர் நிஜமாகவே நம்பினார். பிறகு லார்ஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, முன்னால் சாய்ந்து, ஆவலோடு ஏதோ கேட்டார்.

"மச்சான்" என்றார் காளீஸ்வரன், குரலைத் தாழ்த்தி. "அந்த அடுப்பு ராவும் பகலுமாக் குளுந்தேதான் இருக்குமான்னு கேக்குறாரு. இருக்கும்னா, ரெண்டாவது ஆய்வு நெலையமாச் சேத்துக்கிறலாம்கிறாரு. அக்காவுக்கும் ஒரு சம்பளம் வரும்."

குருநாதன் வீரலட்சுமியைப் பார்த்தார். அவள் வாசலை விட்டு விலகி வழிவிட்டாள். அவர் சமையலறைக்குள் போய், குனிந்து, அடுப்பின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, மறு கையால் போனைத் தூக்கிப் பிடித்தார்.